மாஸ்டடன் சேர்வர்: ரிலே இல்லாமல் தமிழ்ப் பதிவுகளை எடுக்க வழி?

வணக்கம். மட்டக்களப்பில இருந்து எழுதுறன். கூத்துக்காரருக்கெண்டு சின்ன மாஸ்டடன் சேர்வர் ஒண்டு நடத்துறம் (மாஸ்டடன் எண்டது ஆரும் சொந்தமாச் சேர்வர் வச்சு, மற்றச் சேர்வர்களோட இணையக்கூடிய சமூக வலைத்தளம்). விளம்பரமில்லை, அல்கோரிதமில்லை, போட்ட ஒழுங்கிலேயே பதிவு வரும். படுவான்கரை அண்ணாவியார் (கூத்துப் பழக்கிறவர்) ஒருத்தர் வடமோடிக் கூத்தின்ர வரவுத் தாளத்தை (பாத்திரம் களரிக்கு வரேக்க அடிக்கிறது) மத்தளத்தில அடிச்சுப் போட்டால், கனடாவில இருக்கிற பழைய ஆட்டக்காரர் ஆறுதலாக் கேட்டு, "எங்கட காலத்தில இதைவிட விரைவு" எண்டு மறுநாள் எழுதுவார். பேஸ்புக்கில இந்தப் பேச்சு அள்ளுப்பட்டுப் போயிடும். அதனால இதை மூட மனமில்லை.

பிரச்சினை இதுதான். எங்கட ஆக்கள் ஆராவது பின்தொடர்ந்தால்தான் வெளிப் பதிவு சேர்வருக்குள்ள வரும். ஆக்கள் குறைவு, டைம்லைன் வெறிச்சோடிக் கிடக்கு. புதுசா வாற பொடியன்கள் நிக்கிறதில்லை.

தை மாதம் பெரிய ரிலே (பல சேர்வர்களின்ர பொதுப் பதிவுகளைச் சேர்த்து அனுப்பிற சேவை) ஒண்டில சேர்ந்தன். பதிவு கொட்டிச்சு, ஆனால் தமிழ்ப் பதிவு வலு குறைவு. மாசி முடியமுதல் 40 ஜிபி டிஸ்க் நிரம்பி, படம் ஏத்தினால் 500 எரர் (சேர்வர்ப் பிழை) வந்துது.

வெளிச் சேர்வர்ப் படங்களின்ர பழைய நகல்களை அழிக்கிற டூட்சிடிஎல் மீடியா ரிமூவ் கட்டளையை 7 நாளுக்கு வச்சு கிரொனில (குறிச்ச நேரத்தில தானா ஓடவைக்கிற வசதி) ஓடவிட்டன், பிரிவியூ கார்ட் (இணைப்பு முன்னோட்ட) படங்களையும் அழிச்சன். டிஸ்க் பாவனை இறங்கும், திரும்ப ஏறும். ரிலேயை நிப்பாட்டினால் இடம் மிஞ்சுது, ஆனால் திரும்பவும் வெறுமை. ஹாஷ்டேக்கைப் பின்தொடர்ந்தும் பார்த்தம்; ஏற்கெனவே உள்ள வந்த பதிவைத்தான் அது காட்டுது. மாஸ்டடன் 4.3, உபுண்டு 22.04, 4 ஜிபி ராம், சிங்கப்பூரில வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சேர்வர்). மாதாமாதம் கூடுதல் டொலர் கட்ட வசதியில்லை.

ரிலேயில சேராமல், தமிழ் ஹாஷ்டேக் பதிவுகளை மட்டும் வேற சேர்வர்களில இருந்து எங்கட சேர்வருக்கு இழுக்க என்ன வழி?