தப்பாக விழுந்த ஓட்டைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எலஹங்கா ஷெட்:

ரிவெட் அடித்த கைகள்தான் இங்கே இருக்கின்றன என்பதால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். என்னுடையது நாமே ஷெட்டில் கட்டிக்கொள்ளும் சின்ன விமானத்தின் பழைய கிட், ஒருவர் பாதியில் விட்டதை வாங்கினேன். துளை போட்டு வந்த தகடு கிடையாது, கோடு கிழித்துப் பஞ்ச் வைத்து எல்லாம் நாமே போட வேண்டும். போன மாதம் ஒரு ராத்திரி வாலில் இருக்கும் சின்னக் கிடை இறக்கையான ஹாரிசாண்டல் ஸ்டெபிலைசரின் பின் ஸ்பாரை, அதாவது உள்ளே தாங்கும் சட்டத்தை, வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே மூடும் தகடான ஸ்கின்னையும் ஸ்பாரையும் சேர்த்து நம்பர் 40 பிட்டில் துளைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் டிரில்லை எடுத்துத் தொடர்ந்தேன். ஓரத்தில் கிளாம்ப் இருக்கிறதே என்று கிளீக்கோ (ரிவெட் அடிக்கும்வரை துளையில் மாட்டித் தகடுகளைப் பிடித்து வைக்கும் கிளிப்) போடாமல் ஒரே மூச்சில் 11 துளை.

அப்புறம் நம்பர் 40 துளைக்கான வெள்ளி நிறக் கிளீக்கோ ஒன்றை விட்டேன். பிடித்த மாதிரி இருந்தது, கையை எடுத்ததும் நழுவி சிமெண்ட் தரையில் டிங். இன்னொன்று போட்டேன், அதுவும் டிங். டிரில்லைத் திருப்பிப் பார்த்தால் மத்தியானம் பிராக்கெட்டுக்குப் போட்ட நம்பர் 30 பிட் அப்படியே இருக்கிறது. 2.5 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 3.26 மில்லி.

மூன்று நாள் ஷெட் பக்கமே போகவில்லை. வீட்டில் கேட்டதற்குச் சாமான் வரவேண்டும் என்று பொய் சொன்னேன். அந்த டிங் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. துளை பெரிதாகிவிட்டால் போடும் ஊப்ஸ் ரிவெட் வாங்கி வைத்திருக்கிறேன், அடிக்கத் தைரியம் வரவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், மனசாவது ஆறும்.

முருகேஷ்பாளையா ஃபிட்டர்:

தம்பி, 34 வருஷம் தகடு வேலை பார்த்தவன் நான். பயிற்சியில் இருந்தபோது கோணலாக அடித்த ஒரு ரிவெட்டை எடுக்கப் போனேன், ரிவெட் டிரில்லோடு சேர்ந்து சுற்றியது, பிட் சறுக்கித் துளை எட்டு மாதிரி ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தேறாது என்று சிவப்பு டேக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஊப்ஸ் ரிவெட் என்று சாதாரணமாகச் சொல்கிறாய். அதன் தலைதான் சிறுசு, 3/32 அங்குல ரிவெட்டின் தலைக்கான குழிக்குள் உட்காரும். உடம்பு 1/8 அங்குலம். ஓர தூரத்தைப் பார்க்க வேண்டியது உடம்பை வைத்து. துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும், அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 43.13 கையேட்டிலும் அதுதான். 3/32க்கு 4.8 மில்லி போதும், 1/8க்கு 6.35 வேண்டும். 11 துளையையும் வெர்னியர் வைத்து அள, கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாதே. பக்கத்துத் துளைக்கு உள்ள தூரத்தையும் பார், மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. இன்னொன்று, கோடு எதால் கிழித்தாய்? பென்சில் என்றால் உடனே துடை. கிராஃபைட் பட்ட அலுமினியம் அரிக்கும், மார்க்கர்தான். பின்னால் தப்பாக அடித்த ரிவெட்டை எடுக்க நேர்ந்தால் தலையின் ஆழம் மட்டும் துளை, ஒரு சைஸ் சின்ன பிட்டில். அப்புறம் பஞ்சை நுழைத்து நெம்பினால் தலை தனியாக வந்துவிடும், மிச்சத்தைப் பின்னால் மரக்கட்டை கொடுத்துத் தட்டி எடு. முழுசாகத் துளைத்தால் என் கதைதான். பிட்களை டப்பாவில் ஒன்றாகப் போட்டு வைக்காதே. ராத்திரியில் துளை போடாதே.

ஜக்கூர் ஞாயிறு:

ஃபிட்டர் ஐயா, அவர் ஆறுதல் கேட்டார், நீங்கள் பாடம் எடுத்துவிட்டீர்கள். ராத்திரி வேண்டாம் என்றால் வேலைக்குப் போகிறவன் எப்போது கட்டுவது?

என் கதை கேனப்பி, பைலட் தலைக்கு மேலே மூடும் அக்ரிலிக் மூடி. ஜனவரி, காலை ஏழு மணி, ஷெட்டுக்குள் வாயிலிருந்து புகை வருகிற குளிர். அக்ரிலிக்குக்கு என்று தனியாகக் கூராகத் தீட்டிய பிட் இருக்கிறது, தகட்டுக்கான பிட் மறுபக்கம் வெளியே வரும் கணத்தில் கவ்வி இழுத்துவிடும், இதெல்லாம் படித்தவன்தான். அன்றைக்கு அந்த பிட் கையில் இல்லை, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சாதாரண பிட் இருந்தது. 26 துளை ஒழுங்காக விழுந்தது. 27வதில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். துளையிலிருந்து ஒரு முடி நீளக் கோடு. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வெயில் ஷெட்டுக்குள் வர வர அந்தக் கோடு ஒரு அங்குலம் நகர்ந்தது! முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்தினேன். நின்றது. பறக்கும்போது என் வலது காதுக்கு நேராக இருக்கும் அது. இப்போது ஹீட்டர் வைத்துச் சூடாக்காமல் அக்ரிலிக்கைத் தொடுவதில்லை.

அல்சூர் அண்ணன்:

இப்போதெல்லாம் துளையோடு வருகிற கிட் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? பழையதை மலிவாக வாங்குவது, அப்புறம் புலம்புவது. நம் பெங்களூரில் விமானம் செய்யும் எச்.ஏ.எல். இருக்கிறது, பீன்யாவில் சி.என்.சி. மிஷின் இருக்கிறது, கொடுத்தால் போட்டுத் தருவார்கள். என் சொந்த அனுபவம் என்று பெரிதாக இல்லை, விமான உடம்பின் நீளவாட்டுச் சட்டமான லாங்கரானில் ஒரு துளை போட்டேன், கீழே விரித்து வைத்திருந்த, வாலில் அசையும் எலிவேட்டரின் ஸ்கின்னிலும் போட்டுவிட்டேன். இரண்டும் நேராகத்தான் இருந்தது.

முருகேஷ்பாளையா ஃபிட்டர்:

அண்ணன் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. மிஷின் போட்ட துளையையும் கடைசியில் நீதான் சைஸுக்குக் கொண்டுவர வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும். மும்பை காந்திவலியில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தையே கட்டி 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார். யாரோ துளை போட்டுக் கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் நடந்திருக்குமா? ஞாயிறு தம்பி, பாடம் எடுத்தேன் என்றாய், எடுத்தேன்தான். டிக் சத்தம் கேட்ட பிறகு எடுத்துப் பிரயோஜனம் இல்லை.

பக்கிங் பார் மகள்:

நான் கட்டவில்லை, அப்பா கட்டுகிறார், துளை போடும்போது தகட்டுக்குப் பின்னால் மரக்கட்டை பிடிப்பவள் நான். ஒரு நாள் டிரில் கட்டையையும் தாண்டி என் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. அப்பா முதலில் கேட்டது, "துளை நேரா விழுந்துச்சா?" அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, அப்பாவிடம் அதை வைத்து ஒரு மொபைல் வாங்கிவிட்டேன்.

எலஹங்கா ஷெட்:

எல்லோருக்கும் நன்றி. ஃபிட்டர் ஐயா, அளந்தேன், மார்க்கர் கோடுதான், பென்சில் இல்லை. ஒன்பது துளைக்கு 7 மில்லிக்கு மேல் இருக்கிறது. இரண்டுக்கு 5.8. சின்ன ரிவெட்டாக இருந்தால் தப்பித்திருக்கும், பெரியதுக்குப் பற்றாது. படம் எடுத்துக் கிட் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒன்பதில் ஊப்ஸ் ரிவெட் போடலாம், இரண்டுக்கு உள்ளே பலம் கூட்டும் டபுளர் தகடு வை, இல்லையென்றால் ஸ்பாரை மாற்று என்று இரண்டே வரியில் பதில். ஸ்பாருக்கே ஆர்டர் போட்டேன், விலையைவிடக் கப்பல் கூலி ஜாஸ்தி. அல்சூர் அண்ணன் சிரிக்கலாம்.

பழைய ஸ்பாரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதனால்தான் மூன்று நாள் ஷெட்டுக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டி, கம்பிக் கொக்கி கோத்துக் கரண்டி தொங்கவிட்டிருக்கிறார். 11 கொக்கியும் உள்ளே போகிறது. நம்பர் 40 துளையில் போயிருக்காது.