மூலப்பன்றி விலக்காய்வு: ஒரு கலைச்சொல் விவாதம்

திருநெல்வேலியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பன்றியின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ மனிதருக்குப் பொருத்த முதல், அந்தப் பன்றியில் என்னென்ன வைரசுகள் இருக்கின்றன என்று பார்க்கும் நடைமுறைக்கு ஒரு சொல் தேவை. மருத்துவ மாணவருக்கான சொற்றொகுதியில் இப்போதைக்கு ‘கொடையாளிப் பன்றி வைரசு வடிகட்டல்’ என்று இட்டிருக்கிறோம். ஆங்கில ‘ஸ்கிரீனிங்’குக்குத் ‘திரையிடல்’ வேண்டாம் என்பது மட்டும் முடிவு. அதைக் கேட்டால் திரைப்படந்தான் நினைவுக்கு வரும். சொல் பிழைத்தால் மாணவர் செய்முறையையும் பிழையாகவே விளங்கிக்கொள்வர். அதனால்தான் கேட்கிறேன்.

கோண்டாவிலிலிருந்து:

ஐயா, முதற் சொல்லே இடறுகிறது. கொடை என்பது மனம் ஒப்பிக் கொடுப்பது. குருதிக் கொடையாளருக்கு அது பொருந்தும். பன்றி எதையும் கொடுக்கவில்லை, நாங்கள் எடுக்கிறோம். ‘வழங்கி’ என்றால் இலத்திரன் வழங்கியும் கணினி வழங்கியும் குறுக்கே வரும். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் வழிகாட்டியும் உறுப்புக்கு மூலமான விலங்கு என்ற பொருளில்தான் பேசுகிறது. ஆகவே மூலவிலங்கு, மூலப்பன்றி. மூலநோய் நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். மூலப்பொருள், மூலதனம் என்று சொல்லின் முன்னே வரும்போது அந்த மயக்கம் எழுவதில்லை.

‘வடிகட்டல்’ இன்னும் பிழை. தேத்தண்ணியை வடித்தால் தூள் வடியில் நிற்கும், சாயம் கோப்பைக்குப் போகும். இங்கே உறுப்பிலிருந்து வைரசை யாரும் வடித்தெடுப்பதில்லை. சோதனையில் வைரசு தெரிந்தால் அந்தப் பன்றியையே விலக்குகிறோம். விலக்கப்படுவது விலங்கு என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். ‘விலக்காய்வு’ என்பது என் முன்மொழிவு.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2022 சனவரி 7இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் டேவிட் பெனற் என்பவருக்குப் பன்றி இதயம் பொருத்தப்பட்டது. அந்தப் பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மாதிரியில் பன்றிச் சைற்றோமெகலோ வைரசு தெரியவில்லை. பொருத்தி 20ஆம் நாளில் நோயாளியின் குருதியில் அதன் டி.என்.ஏ சிறிதளவு தெரிந்தது, பிறகு கூடியது. அவர் மார்ச் 8இல் காலமானார். மரணத்துக்கு வைரசு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பபூன் குரங்குகளில் செய்த சோதனைகள் எச்சரிக்கின்றன: இந்த வைரசு இல்லாத பன்றி இதயம் 195 நாள் வரை இயங்கியது, வைரசு இருந்தவை 30 நாளைத் தாண்டவில்லை.

மூக்கு மாதிரி ஏன் ஏமாற்றியது? குட்டியாக இருக்கும்போது பன்றி இந்த வைரசை மூக்குநீரில் நிறைய வெளிவிடும். வளர வளர வைரசு கலங்களுக்குள் பதுங்கிக்கொள்ளும். அப்போது மூக்கிலும் குருதியிலும் பீ.சீ.ஆர். (வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) ஒன்றும் காட்டாது. மண்ணீரல் போன்ற இழையத்தில்தான் அகப்படும். அதனால் வளர்ந்த பன்றியில் வைரசைத் தேடுவதோடு நிற்காமல் பிறபொருளெதிரியையும், அதாவது வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தையும், தேட வேண்டும். அது இருந்தால், வைரசு எப்போதோ உள்ளே போயிருக்கிறது.

குட்டியில் நிலைமை வேறு. பன்றியின் சூல்வித்தகம் (கருவைத் தாயோடு இணைக்கும் உறுப்பு) தாயின் பிறபொருளெதிரியைக் கடத்தாது. குட்டிக்கு அது ஈன்றதும் சுரக்கும் கடும்புப்பாலில்தான் கிடைக்கிறது. எனவே பால் குடித்த குட்டியில் பிறபொருளெதிரி தெரிந்தால் அது தாயினதாக இருக்கலாம். பால் குடிக்க முதல் எடுத்த குருதியிலேயே தெரிந்தால், கருவிலேயே தொற்றியிருக்கிறது என்று பொருள். இதனால்தான் பிறந்து ஒரு நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்தோ, வயிற்றைக் கீறி எடுத்தோ, தாயோடு சேராமல் வளர்க்கிறார்கள். இந்த வைரசைப் பட்டியிலிருந்து நீக்க உறுதியான வழி அது. சோதனை அந்த வேலையைச் சரிபார்க்கத்தான்.

மானிப்பாயிலிருந்து:

விலக்காய்வு நல்ல சொல். ஆனால் ஒரு வைரசு அதற்குள் அடங்காது. பன்றியின் அகப்பிறப்பு ரெற்றோவைரசு அதன் நிறமூர்த்தங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏ, பீ, சீ என்று மூன்று வகை. ஏ, பீ இரண்டும் எல்லாப் பன்றியிலும் உண்டு, சீ சிலவற்றில் இல்லை. பன்றிச் சிறுநீரகக் கலவரிசையிலிருந்து (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் கலங்கள்) வெளிவந்த வைரசு ஆய்வுகூடத்தில் மனிதக் கலங்களைத் தொற்றும் என்று 1997இல் தெரிந்தது. மனித நோயாளி எவரிலும் அது தொற்றியதாக இதுவரை கண்டதில்லை. ஏ, பீ உள்ள பன்றியை விலக்கினால் ஒரு பன்றியும் மிஞ்சாது. சீ உள்ளதை விலக்கலாம், விலக்கவும் வேண்டும், ஏனென்றால் ஏயும் சீயும் தம் மரபுப்பொருளைக் கலந்து மீள்சேர்ந்தால் மனிதக் கலங்களில் வேகமாகப் பெருகக்கூடிய வைரசு உண்டாகும். ஏ, பீ வகைகளுக்குப் பரம்பரையலகுத் திருத்தந்தான். 2015இல் அந்தக் கலவரிசையில் இருந்த வைரசின் 62 பிரதிகளையும் முடக்கினார்கள். 2024 மார்ச்சில் பொஸ்ரனில் பொருத்திய சிறுநீரகம் 59 பிரதிகள் முடக்கப்பட்ட பன்றியினது.

இந்த இரண்டு வகை ஒளிவுக்கும் ஒரே சொல்லை இடக்கூடாது. சைற்றோமெகலோ போல வெளியே இருந்து வந்து ஒளிவது ‘பதுங்குதொற்று’. ‘உறங்குநிலை’ விதைக்குப் போய்விட்டது, அது விதைக்கே இருக்கட்டும். மற்றதற்குத் தமிழில் ஏற்கெனவே அழகான சொல் காத்திருக்கிறது: கரந்துறை. சித்திரகவியில் கரந்துறை பாட்டு என்று ஒன்று உண்டே, ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுள் ஒளிந்திருக்கும். பன்றியின் டி.என்.ஏ எழுத்துகளுக்குள் வைரசின் எழுத்துகள் இருப்பதும் அதுதான். ‘கரந்துறை வைரசு’ என்று எழுதுவோம்.

இன்னொன்று. பன்றிச் சைற்றோமெகலோ என்ற பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். மனிதச் சைற்றோமெகலோவைவிட, குழந்தைகளுக்குத் திடீர்க் காய்ச்சலும் தடிப்பும் தரும் ஆறாம், ஏழாம் ஹேர்ப்பிஸ் வைரசுகளுக்குத்தான் அது நெருங்கிய உறவு. பெயரை நம்பி, மனிதருக்குப் பாவிக்கும் கன்சிக்லோவிர் என்ற வைரசு மருந்து இதற்கும் நன்றாகப் பிடிக்கும் என்று மாணவர் நினைத்துவிடக்கூடாது. எங்கள் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் இரசாயனவியலுக்குக் கெமிஸ்தம் என்றே எழுதினார். மூலப்பெயரே பிழையாய் இருக்கும்போது ஒலிபெயர்ப்புத்தான் பாதுகாப்பு.

சுன்னாகத்திலிருந்து:

ஒரு சிறு திருத்தம். பட்டியைக் குறிக்க ‘நோய்க்கிருமியற்ற’ என்று சிலர் எழுதுகிறார்கள். எந்தப் பன்றியும் அப்படி இல்லை. பெயர் பெயராகப் பட்டியலிட்ட கிருமிகள் மட்டுமே நீங்கியிருக்கின்றன. ‘குறித்த கிருமி நீங்கிய பட்டி’ என்றால் எவை குறிக்கப்பட்டன என்று வாசிப்பவர் கேட்பார். அந்தக் கேள்வி எழ வேண்டும். பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். இலங்கையில் ஒரு பட்டி வைத்தால் யப்பானிய மூளையழற்சி வைரசு முன்னணியில் நிற்க வேண்டும்: வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு, பன்றியில் பல்கும் வைரசு. 1985 முதல் 1988 வரை அனுராதபுரப் பக்கம் அதைக் கண்டோம். அங்கே சோதனைக்கு முதல் நுளம்புவலைதான் வேலி.

கோண்டாவிலிலிருந்து:

சுன்னாகத்து அம்மா சொன்னது முக்கியம். அதோடு சேர்த்து, கல்லீரல் அழற்சி ஈ வைரசு குருதியில் சில நாள்களே நிற்கும், மலத்தில் கூடுதல் காலம். எனவே மலமாதிரி கட்டாயம், அது ஆர்.என்.ஏ வைரசு என்பதால் முதலில் டி.என்.ஏ ஆக மாற்றும் படியை விடக்கூடாது. பன்றிகளைத் தொற்றும் சேர்க்கோவைரசு இரண்டாம் வகைக்குத் தடுப்பூசி போட்ட பட்டியில் பிறபொருளெதிரி எதையும் சொல்லாது, பீ.சீ.ஆர். மட்டுமே சொல்லும்.

பொருத்திய பிறகும் ஒரு மயக்கம் உண்டு. நோயாளியின் குருதியில் கரந்துறை வைரசின் டி.என்.ஏ தெரிந்தால் தொற்று என்று பதறக்கூடாது. பன்றிக் கலங்களே அங்கே சுற்றித்திரிகின்றன, ஒவ்வொன்றும் அந்த வைரசைச் சுமக்கிறது. பன்றியின் இழைமணி (மைற்றோகொண்டிரியா) டி.என்.ஏயையும் பக்கத்தில் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் நின்றால் அது கலக்கலப்பு. வைரசு மட்டும் கூடினால்தான் தொற்றென ஐயுற வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

நன்றி. சொற்றொகுதியில் இப்படி இடுகிறேன்.

மூலப்பன்றி: உறுப்பு எடுக்கப்படும் பன்றி. விலக்காய்வு: குறித்த கிருமி உள்ள மூலவிலங்கைக் கண்டு விலக்குவதற்காக, வெவ்வேறு வயதிலும் மாதிரியிலும் திரும்பத் திரும்பச் செய்யும் சோதனை. பதுங்குதொற்று, கரந்துறை வைரசு, குறித்த கிருமி நீங்கிய பட்டி ஆகியவை மேலே சொன்ன பொருளில். கரந்துறை வைரசின் பதிவில் ‘ஏ, பீ வகைகளை விலக்காய்வால் நீக்க இயலாது’ என்று ஒரு வரி சேரும். ‘கலக்கலப்பு’ ஒலிக்குழப்பம் தருகிறது. ‘அயற்கலக் கலப்பு’ என்று மாற்றலாமா? வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.