தைராய்டு மாத்திரை: கடையிலும் லேபிலும் தினம் பார்ப்பவை

மருந்தாளுநர், திருச்சி:

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. "களைப்பு அப்படியே இருக்கு, 50க்குப் பதிலா 75 குடுங்க" என்று வந்து நிற்பார்கள். மருத்துவர் எழுதாமல் டோஸைக் கூட்டித் தர முடியாது. கூட்டினாலும் பலன் பத்து நாளில் தெரியாது. மாத்திரையில் இருப்பது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காத டி4 ஹார்மோன். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் பிடிக்கும். தினம் ஒன்று போட்டு அளவு ஒரே சீராக நிற்க 5, 6 வாரம் ஆகிவிடும். போதாததற்கு, டி4 தன்னிடமுள்ள நான்கு அயோடின் அணுக்களில் ஒன்றை இழந்து டி3 ஆன பிறகுதான் முழு வேகத்தில் வேலை நடக்கிறது. 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

டோஸ் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், முதலில் போடும் முறையைத்தான் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, டிபன் எதுவும் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து, நெஞ்செரிச்சல் மருந்து ஆகியவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இவை குடலிலேயே டி4ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. காலைக் காபியைத் தள்ளிப்போட முடியாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் பட்டால் மருந்தின் வீரியம் குறையும்.

லேப் டெக்னீஷியன்:

சார் சொன்னதோடு ரிப்போர்ட் பக்கத்தையும் சேர்க்கிறேன். டி.எஸ்.எச். 12 என்று பார்த்ததும் "தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. விஷயம் நேர் எதிர். டி.எஸ்.எச். கழுத்திலிருந்து வருவதில்லை, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டி, "இன்னும் சுர" என்று தைராய்டை விரட்டும். ஹார்மோன் போதுமான அளவு வந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை வழக்கமான அளவு; உங்கள் லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

டி.எஸ்.எச். 15, ஆனால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4) சரியாக இருக்கிறது என்று சில ரிப்போர்ட் வரும். பல நாள் விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டால் இப்படி வரலாம். டி4 சட்டென்று ஏறிவிடும், பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் குறைக்க வாரக்கணக்கில் ஆகும். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுவது நல்லது. போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் ஃப்ரீ டி4 தற்காலிகமாக உயர்ந்து காட்டும்.

முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பல லேப் கருவிகளில் அது கணக்கையே குழப்பி, டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். டோஸ் அதிகமென்றால் இன்னும் முன்னதாக.

மகப்பேறு செவிலியர்:

ஏற்கெனவே மாத்திரை போடும் பெண்களுக்கு ஒன்று. கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த செக்கப்வரை காத்திருக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் டி4ஐ நம்பித்தான் வளர்கிறது. பொதுவாக டோஸ் 25, 30 சதவீதம் கூடும். வாரம் 7 மாத்திரைக்குப் பதில் 9 போடச் சொல்வதும் வழக்கம். முதல் பாதிவரை 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இரும்பும் கால்சியமும் சேர்ந்து வரும். காலை 6 மணிக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவு இரும்புச் சத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். கால்சியம் இரண்டு வேளை என்றால் காலை வேளையை 10 மணிக்கு மேல் தள்ளுங்கள். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய டோஸுக்கே திரும்புவார்கள். 6 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை.

மருந்தாளுநர், திருச்சி:

காலையில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தவருக்கு: அன்றே நினைவு வந்தால், சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் வழக்கமான ஒன்று போதும். ஒரு நாள் விட்டதால் ரத்தத்திலுள்ள டி4 பெரிதாக இறங்கிவிடாது.