தொட்டியைத் திறந்த நாள்: மலத்தைச் சாம்பல் போட்டு மக்க வைத்து எருவாக்கும் கக்கூஸ் கட்டியவர்கள் சொல்லுங்கள்

பியாபோன்காரன்:
நர்கீஸ் புயலைப் பற்றி நம் பர்மா ஐராவதி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008 மே மாதம் குழிக் கக்கூஸும் குடிக்கிற குளமும் ஒரே தண்ணீராகிவிட்டன. அதற்கப்புறம்தான் அப்பா தரைக்கு மேலே இரண்டு தொட்டி கட்டினார். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதற்குப் போவோம். சிறுநீருக்கு ஒரு குடம், கழுவிய தண்ணீர் வாழைப் பாத்திக்கு.

நான் சொல்ல வந்தது முதல் தொட்டியைத் திறந்த நாளை. மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா வெறுங்கையால் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். மழை விட்ட வயலின் வாசம். உமிச்சாம்பல் கருகருவென்று அவர் கைரேகைக்குள் ஒட்டியிருந்தது. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பெகு மருமகள்:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு. தீமிதிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரோ மலம் விழுகிற, தண்ணீர் படக் கூடாத நடு ஓட்டையிலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். நாலாம் நாள் மூடியைத் தூக்கினேன். சாம்பலெல்லாம் கூழாகி, மேலே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக ஆறு டின் சாம்பல் கொட்டினேன். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கக்கூஸைப் பற்றி விருந்தாளியிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

தட்டோன் வாத்தியார்:
பியாபோன்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏழு மாதத்தில் திறந்ததும் வெறுங்கையால் அள்ளியதும் எனக்கு ஒப்பவில்லை. நாற்றம் போனால் கிருமியும் போய்விட்டது என்று ஆகாது. வயிற்றுப் பூச்சிகளில் உருளைப்புழுவின் முட்டைதான் எல்லாவற்றையும் தாங்கிக் கடைசியில் சாகும். நம் ஊர் வெயிலுக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூடிக் கிடக்கட்டும்.

இன்னொன்று, போய்விட்டு வந்ததும் இரண்டு கை சாம்பல் போட்டே ஆக வேண்டும். சாம்பலின் காரத்தன்மையும் வறட்சியும் சேர்ந்துதான் கிருமியைக் கொல்லும். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும், அதில் காரத்தன்மை கிடையாது. அடைமழைக் காலத்தில் சாம்பல் டின்னுக்கு மூடி அவசியம். தொட்டியின் தளம் வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எருவைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள், வாழை, தென்னை தூரில் புதையுங்கள். சிறுநீரில் ஒரு பங்குக்குக் குறைந்தது ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். திருச்சிப் பக்கம் முசிறியில் கழுவும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு ஏற்றபடி இந்த மாதிரிக் கழிப்பறைகளைக் கட்டியிருக்கிறார்கள். பெகு தங்கச்சி, கழுவுகிற இடத்தைத் தனியாகத் தள்ளிக் கட்டினால் இந்தக் குழப்பம் வராது.

என் கதை சின்னது. பழைய வீட்டில் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் எட்டு அடிதான் இடைவெளி. என் தங்கை ஐந்து வயதில் வயிற்றுப்போக்கில் போனாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்காமல் குடித்துக்கொண்டிருந்தோம்.

பியாபோன்காரன்:
ஐயா சொல்வது சரி. அப்பாவுக்கு அது தெரியாது. இப்போது ஒன்றரை வருஷம் மூடி வைக்கிறேன், மண்வெட்டிதான், கையுறையும் உண்டு. ஆனாலும் அவர் செய்தது தப்பு என்று என் வாயால் சொல்ல வரவில்லை.

துவாந்தே பேரன்:
சாம்பல், ஈரம் எல்லாம் சரி. எங்கள் வீட்டில் சிக்கல் அது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூனில் வாளியில் மலம் அள்ள இந்தியாவிலிருந்துதானே ஆட்களைக் கொண்டு வந்தார்கள்? எங்கள் தாத்தாவின் அப்பா அதில் ஒருவர், தாத்தாவும் அதே வேலைதான். நான் தொட்டி கட்டச் செங்கல் இறக்கியபோது அப்பத்தா திண்ணையை விட்டு இறங்கி வந்து கேட்டது: "உங்க தாத்தா தூக்குனது பத்தாதாடா? நீயும் அள்ளணுமா?"

அது மண்ணாகிவிடும் அப்பத்தா, நாற்றமே இருக்காது என்றேன். பதில் இல்லை. ஒரு செங்கலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. இன்று வரை அந்தக் கக்கூஸுக்குள் கால் வைக்கவில்லை, எண்பது வயதில் பக்கத்து வீட்டுக்கு நடக்கிறது. நாங்கள் குடிக்கிற குளம் கெடக் கூடாது என்றுதான் கட்டினேன்.

மழைக்கு முன்னால் முதல் தொட்டியைத் திறக்க வேண்டும். அப்பத்தா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத் திறப்பதா, கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தே திறப்பதா? முடிவு செய்ய முடியவில்லை.