தடமே தெரியாத கடி: வீட்டுக்குப் பேசும்போது சொல்லிவையுங்கள்

உறவுகளே, வணக்கம்.

பாம்புக்கடி என்றால் வயல்வரப்புதான் நினைவுக்கு வரும். எலியைத் தேடி நெல்வயலுக்குள் வரும் கண்ணாடி விரியனுக்கு முழங்கால்வரை பூட்ஸ், இருட்டினால் டார்ச், வைக்கோலில் கைவைக்கும் முன் கோலால் ஒரு தட்டு என்று காவல் உண்டு. அதைவிட நான் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு.

தரையில் பாய்போட்டுத் தூங்குபவரை அது ராத்திரியில் கடிக்கும். பெரும்பாலும் வலி, வீக்கம் இருக்காது, தடமும் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. வாயுப்பிடிப்பு என்று கஷாயம் கொடுப்பார்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது புரையேறிவிடும். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசை ஓயும். தரையில் படுத்தவருக்கு வயிற்றுவலியோடு இமையும் இறங்கினால், தடம் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியில் மூச்சு நின்றாலும் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். இந்த முடக்கம் மீளக்கூடியது. மூச்சை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கொசுவலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, நான்கு ஓரத்தையும் பாய்க்கடியில் செருக வேண்டும். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு போட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம். கண்ணாடி விரியன் கடியில் கட்டுக்குக் கீழே சதை அழுகும்; கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கைகாலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள். பைக்தான் கிடைத்தால் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம். குழாய் பிளாஸ்டிக்காகவோ சோப்புப் போட்டுக் கழுவியதாகவோ இருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். ஆனால் கட்டுவிரியன் கடியில் ரத்தம் சரியாகவே உறையும். ஆகவே 'டெஸ்ட் நார்மல்' என்றதும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது, 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

அந்த மருந்து நரம்பில் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தைத் திருப்பாது; நரம்பு தானாக மீளும்வரை மூச்சை ஓட்ட வென்டிலேட்டர் (செயற்கை மூச்சுக் கருவி) வேண்டும். மருந்தும் வென்டிலேட்டரும் சேர்ந்து இருக்கும் ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் அங்கே போக வண்டி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே வீட்டாரிடம் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.