140ஆம் பக்கத்தில் ஒரு ஸ்லைடு

பாதிப்பக்கம்:

டீன் ஏஜ் காதல் நாவல்னு யாராவது பேச்செடுத்தா எனக்குக் கதை ஞாபகம் வராது. ஒரு ஸ்லைடுதான் ஞாபகம் வரும். தலையில குத்துற கருப்பு ஸ்லைடு.

அப்ப பதினாறு வயசு. தோழிகிட்ட ஒரு வாரம் இரவல் வாங்கின புத்தகம். கதை நீங்க எல்லாரும் படிச்ச வகைதான். அப்பா ஒரு வீடு, அம்மா ஒரு வீடு, நடுவுல பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயில்ல போயிட்டு வர்ற பொண்ணு, அதே ரயில்ல ஒரு பையன். அட்டையில ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. அந்த அட்டை வீட்ல யார் கண்ணுல பட்டாலும் தொலைஞ்சேன்னு, வேதியியல் புத்தகத்துக்குப் போட்ட மாதிரியே பழுப்பு அட்டை போட்டு அலமாரியில துணிக்கு அடியில சொருகி வச்சிருந்தேன். முக்கியமா அக்காவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அடுத்த நிமிஷம் அம்மா காதுல போய் விழும்.

112ஆம் பக்கத்துல ஒரு காகிதத் துண்டு வச்சிருந்தேன். மறுநாள் ராத்திரி எடுத்துப் பாக்குறேன், காகிதம் வச்ச இடத்துலயே இருக்கு. ஆனா 140ல ஒரு ஸ்லைடு. பெயிண்ட் உரிஞ்சு, நுனியில இருக்குற சின்ன உருண்டை ஒரு பக்கம் உதிர்ந்துபோன பழைய ஸ்லைடு.

எனக்கு முன்னாடி யாரோ படிச்சுக்கிட்டுப் போயிட்டிருக்காங்க. யாரோ என்ன யாரோ, அம்மாதான். துணி மடிச்சு அடுக்குறது அவங்கதானே.

அடுத்த ரெண்டு நாள் திட்டு விழும் விழும்னு காத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் வரல. நான் என்ன பண்ணேன்னா, புத்தகத்தைப் பரண்ல பெட்டிக்குப் பின்னாடி மாத்திட்டேன். சீக்கிரமே படிச்சு முடிச்சுத் திருப்பியும் குடுத்துட்டேன். தப்பிச்சோம்னுதான் அப்ப நெனச்சேன். 140ல என்ன வருதுன்னு படிச்சவங்களுக்குத் தெரியும், அந்தப் பிளாட்பாரம் சீன். இனிமே இந்த ரயில்ல வரமாட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்ல வந்து நிக்குற இடம். அந்த இடத்துல நிக்க வச்சுட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிட்டேன்.

22 வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட இன்னும் கேக்கல.

சிவப்புமை:

உங்களுக்காவது ஸ்லைடு. எனக்குச் சிவப்பு மை.

பதினேழு வயசுல ஒரு பொண்ணுக்கு லெட்டர் எழுதணும். எழுத வரல. அதே மாதிரி ஒரு நாவல்ல பையன் எழுதுற லெட்டர் ஒண்ணு இருந்துச்சு, ஒண்ணேகால் பக்கம். அப்படியே காப்பி. பேரை மட்டும் மாத்தினேன். மழையைப் பத்தி ரெண்டு வரி இருந்துச்சு, அப்ப நல்ல வெயில் காலம், அதையும் மாத்தாம எழுதிட்டேன். அவ்வளவு புத்திசாலி.

மூணாம் நாள் லெட்டர் திரும்பி வந்துச்சு. மேல வலது ஓரத்துல சிவப்புப் பேனாவுல ‘பக்கம் 87’னு எழுதியிருந்தா. ரெண்டு எழுத்துப்பிழைக்கு வட்டம். அதோட அவ விடலை, இதைத்தான் இன்னிக்கு வரைக்கும் யோசிக்கிறேன்: நாலாவது பத்தியில ஒரு வரியை நான் அவசரத்துல விட்டுட்டேன். விட்ட இடத்துல கூரை மாதிரி ஒரு குறி போட்டு, அந்த வரியை அவளே எழுதியிருந்தா. ‘பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, படித்தாய் என்று தெரிந்தால் போதும்’ங்கற மாதிரி ஒரு வரி.

இது கிண்டலா, பதிலா? அன்னிக்கே போய்க் கேட்டிருக்கணும். நான் வெக்கத்துல மூணு வாரம் வேற வழியா நடந்து போனேன். இப்ப அந்த நாவலைத் திரும்பப் படிச்சா சுமாரான நாவல்தான். 87ஆம் பக்கத்துல மட்டும் நல்லா எழுதியிருக்காங்க.

அலமாரி3:

பள்ளி நூலகத்தில் இருந்தவள் நான். இதை எங்கேயும் எழுதியதில்லை.

ஒரு தந்தை கையில் புத்தகத்தோடு வந்தார். ஒரு முத்தக் காட்சி, அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே போகிற ஓர் அத்தியாயம், இரண்டையும் மடித்துக் குறித்திருந்தார். மற்ற பக்கங்களைப் படித்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. மேலிடத்தில் இருந்து ‘கொஞ்ச நாளைக்கு உள்ளே வையுங்கள்’ என்றார்கள். மேசையின் கீழ் இழுப்பறைக்குப் போனது.

மறுநாள் இடைவேளையில் ஒரு பெண் வந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ. அவள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை, தினமும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே பத்துப் பதினைந்து பக்கம் படித்துவிட்டு வைத்துவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு. அந்தப் புத்தகம் இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் காலியாக இருந்தது. அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பின்பக்கம் விழுந்திருக்கிறதா என்று துழாவினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூமைப் பற்றிப் படித்தேன். காதலிக்கிற இளசுகள் கதை முடிவில் சாகவேண்டியதில்லாத ஒரு புத்தகம் வேண்டும் என்று அவருடைய மகளே கேட்டாளாம். அப்படி எழுதிய ‘ஃபார்எவர்’ 1975இல் வந்தது. 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களின் பட்டியலில் முதல் பத்துக்குள் இருந்தது. அதாவது வெளியாகி இருபது வருடம் கழித்தும் யாரோ ஒரு நூலகர் இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கைதான் வந்தது.

நேர்வழி:

மேலே எழுதிய மூவருமே உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் பாதிப்பக்கம் அவர்களுக்கு. உங்கள் அம்மா செய்தது பெரிய தவறு. மகள் என்ன படிக்கிறாள் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது பொறுப்பான தாய்க்கு அழகல்ல. பக்கத்தில் உட்கார வைத்து, இது கதை, வாழ்க்கை வேறு என்று விளக்கியிருக்க வேண்டும். நூலகர் அம்மா அவர்களுக்கு: நீங்கள் செய்தது சரிதான், வீணாக வருந்தாதீர்கள். இளையோர் நாவல் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். நூலகத் துறையில் 12 முதல் 18 வயது வரை இந்தப் பிரிவில் வருகிறது. 12 வயதுக் குழந்தையும் 18 வயதுக்காரரும் ஒன்றா? ஒரே தட்டில் இரண்டு பேருக்குமான புத்தகத்தை அடுக்கினால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

பெற்றோர்கள் இங்கே படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சில யோசனைகள். பிள்ளை நாவல் படிக்கிறது என்று தெரிந்தால் பிடுங்காதீர்கள். நீங்களும் படியுங்கள். இந்த நாவல்களில் பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயசுப் பாத்திரமே ‘நான்’ என்று கதை சொல்கிறது, அதனால் பெற்றோர் எல்லோரும் ஒன்றும் புரியாதவர்களாகத்தான் தெரிவார்கள். அதைப் பிள்ளைக்கு எடுத்துக் காட்டுங்கள். அந்த அம்மா ஏன் அப்படிக் கத்தினாள், அவள் பக்கத்து நியாயம் என்ன என்று அவளுடைய இடத்தில் இருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கேள்வி வீதம் தயார் செய்துகொண்டால் நல்லது. காதல் காட்சி வரும்போது பேச்சை மாற்றாதீர்கள், அதே சமயம் அதிலேயே நிற்கவும் வேண்டாம். படித்து முடித்ததும் பாத்திரம் எடுத்த முடிவுகளைச் சரி, தவறு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் தெளிவு கிடைக்கும்.

என் அனுபவம் என்று கேட்டால், மகன் படித்த நாவலை நானும் முழுவதும் படித்து, இப்படியே பத்தி பிரித்து இரண்டு மணி நேரம் விவாதித்தோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அதன் பிறகு அவன் என்ன படிக்கிறான் என்று தெரியவில்லை.

சிவப்புமை:

நேர்வழி சார், உங்க கடைசி வரியை நீங்களே ஒருமுறை படிச்சுப் பாருங்க.

கடைசிபெஞ்ச்:

நேர்வழி அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் புத்தகமெல்லாம் பெரியவங்க உக்காந்து பாடம் எடுக்கவா வந்துச்சு? அமெரிக்க எழுத்தாளர் எஸ். ஈ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுத ஆரம்பிக்கும்போது அவங்களுக்குப் பதினஞ்சு வயசு. 1967ல புத்தகமா வரும்போது பதினெட்டு. பொம்பளப் பேரைப் பாத்தா விமர்சகர்கள் ஒதுக்கிடுவாங்கன்னு முதலெழுத்தை மட்டும் போட்டாங்க. தன்னை மாதிரிப் பசங்களைப் பத்திப் படிக்க ஒண்ணும் கிடைக்கலன்னு அந்தப் பொண்ணே எழுதினது. அதுக்குப் போய் அத்தியாயத்துக்கு ஒரு கேள்வியா? அதுவும் பாதிப்பக்கம் அக்காவோட அம்மா பேசாம இருந்தது தப்புன்னு சொல்றீங்க. நான் சொல்றேன், அந்த வீட்டுலயே நாகரிகமான ஆள் அவங்கதான்.

சரி, என் கதைக்கு வர்றேன். எனக்குக் கிடைச்சது கடைசி நாலு பக்கம் கிழிஞ்ச பிரதி. பழைய புத்தகக் கட்டுல வந்தது. பையன் மேல படிக்க வெளியூர் போறான், பொண்ணு வீட்ல அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, அவ போய் வழியனுப்புவாளா மாட்டாளான்னு இருக்கும்போது பக்கம் இல்ல. தையல் நூல்தான் தொங்குது.

பின்னட்டையோட உள்பக்கத்தைத் திருப்பினேன். பென்சில்ல யாரோ முடிவு எழுதி வச்சிருக்காங்க. ‘அவள் போகவில்லை. அதுதான் நல்லது.’ அதுக்குக் கீழ வேற கையெழுத்து, நீல மை, எழுத்தெல்லாம் இடதுபக்கம் சாஞ்சு: ‘போனாள். லேட்.’ அதுக்கும் கீழ ரொம்பப் பொடிசா: ‘அவன் திரும்பி வருவான், என் அண்ணன் வந்தான்.’

மூணாவதைப் பாத்ததும் படிக்கிறதை நிறுத்திட்டு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அந்த வீட்டுல யாரு எங்க போயிருந்தாங்க, எத்தனை நாள் கழிச்சு வந்தாங்க, ஒண்ணும் தெரியாது. நானும் ஒரு வரி எழுதினேன். என்ன எழுதினேன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் புத்தகத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன், வேணும்னேதான். ரொம்ப நாள் கழிச்சு முழுப் பிரதி கையில கிடைச்சுது. உண்மையான முடிவைப் படிச்சேன். ஃபோன் பண்றாங்க, பேசுறாங்க, முடிஞ்சுது. எங்க நாலு பேர் எழுதினதுல எதுவுமே அவ்வளவு மோசம் இல்ல.

பாதிப்பக்கம் அக்கா, அம்மாகிட்ட கேளுங்க ப்ளீஸ். 22 வருஷமெல்லாம் ரொம்ப ஓவர்.

நேர்வழி:

நான் பொதுவாகப் பெற்றோருக்குச் சொன்னது. தனிப்பட்ட முறையில் யாரையும் குறை சொல்லவில்லை. ஹின்டன் விதிவிலக்கு. பெரும்பாலான இளையோர் நாவல்களைப் பெரியவர்கள்தான் எழுதுகிறார்கள், வாங்கிக் கொடுப்பதும் பெரியவர்கள்தான்.

அலமாரி3:

வாங்கிக் கொடுப்பது பெரியவர்கள், உண்மை. எடுத்து ஒளிப்பதும் நாங்கள்தான் ஐயா. நான் செய்தது சரி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் துழாவியதை நீங்கள் பார்க்கவில்லை. ‘கொஞ்ச நாள்’ முடிந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை, நான் போய்க் கேட்கவும் இல்லை. நான் வேலையை விட்டு வந்த அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது புத்தகம் அதிலேயே இருந்தது. தட்டில் கொண்டுபோய் வைத்தேன். இடைவெளி அதற்குள் மூடிப்போயிருந்தது, இரண்டு புத்தகங்களை நகர்த்தித்தான் சொருகவேண்டி வந்தது.

பாதிப்பக்கம்:

கடைசிபெஞ்ச் சொன்னாளேன்னு நேத்து ராத்திரி அம்மாகிட்ட ஃபோன்ல கேட்டேன். அம்மா, நான் படிக்கிறப்ப துணிக்கு அடியில ஒரு புத்தகம் வச்சிருந்தேனே, அதை நீ படிச்சேல்லன்னு.

எந்தப் புத்தகம்னாங்க. பழுப்பு அட்டை போட்டதுன்னேன். அது உன் கெமிஸ்ட்ரி புத்தகம்தானே, அதை நான் எதுக்குடி எடுக்குறேன்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு நெனச்சு, பொய் சொல்லாதம்மா, உன் ஸ்லைடு அதுக்குள்ள இருந்துச்சுன்னேன்.

அம்மா சிரிச்சாங்க. ‘நான் எந்தக் காலத்துலடி ஸ்லைடு குத்தினேன்? என் கொண்டையில அது நிக்குமா? எனக்கு எப்பவும் கொண்டை ஊசிதான். ஸ்லைடெல்லாம் உங்க அக்காவோடது.’

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அம்மா வேற ஏதோ பேச ஆரம்பிச்சுட்டாங்க, நான் ம் கொட்டிக்கிட்டு இருந்தேன்.

அக்கா கதைப் புத்தகம் தொட்டு நான் பாத்ததே இல்ல. எனக்கு நாலு வயசு பெரியவ, அப்ப இருபது. போட்டுக்குடுப்பான்னு யாருக்குப் பயந்து அட்டை போட்டேனோ அவ. போட்டுக்குடுக்கல. அந்த வருஷம்தான் அவ டைப்பிங் கிளாஸைப் பாதியில நிறுத்தினா. அதுக்கு ரயில்லதான் போயிட்டு வருவா. ஏன் நிறுத்தினேன்னு வீட்ல யாரும் கேட்டதா ஞாபகம் இல்ல, நானும் கேக்கல.

நேர்வழி சார், எங்க அம்மா மேல நீங்க சொன்ன குத்தம் தள்ளுபடி. அக்காவுக்கு இன்னும் ஃபோன் பண்ணல. பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். புத்தகம் எங்கிட்ட இல்ல, இப்ப கடையில கிடைக்கிறது வேற அட்டை, பக்க எண்ணும் மாறியிருக்கும். அந்த முதுகைக் காட்டி நிக்குற அட்டை போட்ட பழைய பதிப்பு யார்கிட்டயாவது இருந்தா 140ஆம் பக்கத்தை மட்டும் எடுத்துப் பாத்துச் சொல்லுங்களேன். பிளாட்பாரம் சீன் அந்தப் பக்கத்துலயே முடிஞ்சிடுதா, இல்ல திருப்பணுமா?