பால்கனியில் ஏறும் மூன்றரை வயது மகள்: சுவரில் துளையிடாமல் தடுப்பு அமைக்க வழி வேண்டும்

ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பால்கனியில் மூன்றடிச் சுவரும் அதன்மேல் கிடைமட்டமாக இரண்டு இரும்புக் குழாய்களும் உள்ளன. அவை எங்கள் மூன்றரை வயது மகளுக்கு ஏணிப்படிகளாகிவிட்டன. கடந்த மாதம் வரை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியவள், இப்போது சுவரோரத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடுகிறாள். உயரம் என்றால் அவளுக்குத் துளியும் அச்சமில்லை; கீழே மீன் கூடையுடன் போகும் ஆயாக்களை மேலிருந்து கூப்பிடுவதில் அப்படியொரு மகிழ்ச்சி. அந்தத் துணிவை மிரட்டிக் கெடுக்க எனக்கு மனமில்லை.

நாற்காலி, பூந்தொட்டி அனைத்தையும் அகற்றிவிட்டோம். மேல்தாழ்ப்பாளைத் துடைப்பக் கட்டையால் தள்ளித் திறக்கிறாள். கதவைப் பூட்டிவைத்தால் மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்குள் காற்று வருவதில்லை. புறா வலை கட்டினோம். அது புறாவைத் தடுக்குமே தவிர, குழந்தையின் எடையைத் தாங்காது, மேலும் அதன் கட்டுக்கம்பிகள் கடற்காற்றில் விரைவிலேயே துருப்பிடித்து அறுந்தன. கடலோரத்துக்கு ஏற்ற 316 தர எஃகுக் கம்பித் தடுப்பைப் பொருத்தலாம் என்றால், அதற்குச் சுவரில் துளையிட வேண்டும். வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

பால்கனியின் நீளம் எட்டடி. சுவரின் மேல்விளிம்பிலிருந்து மேல்தளம் வரை ஆறடி.

துளையிடாமல், தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இறுக்கி நிறுத்தக்கூடிய, 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் செங்குத்துக் கம்பிகள் கொண்ட தடுப்பை ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் உறுதியாகச் செய்து பொருத்தித் தருபவர் யார்?